முடியாது என்று எழுதித் தாருங்கள்

எங்கள் கம்பெனியின் தொழில் ஸ்பிரிங் செய்வது. குமாஸ்தாவான என் தொழில், ஊர் ஊராகப் போய் 'எங்களால் முடியாது' என்று எழுதி வாங்குவது.

அறுபதுகளின் கடைசியில் இறக்குமதி லைசென்ஸுக்கு அலைந்த அன்பர்களுக்கு இதை விளக்க வேண்டாம். மற்றவர்களுக்குச் சொல்கிறேன். வெளிநாட்டுச் சாமான் வேண்டுமென்றால், உள்நாட்டுப் பட்டறைக்காரர்களே 'இது எங்களால் ஆகாது' என்று எழுதித் தர வேண்டும். ஓசூரில் எங்களுக்கு இருந்தது ஒரே ஜெர்மன் மிஷின். அதன் பல்சக்கரம் உடைந்து பதினெட்டுப் பேர் கொட்டகையில் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். இப்படியே போனால் ஆளைக் குறைப்பேன் என்றார் முதலாளி.

பெங்களூர்ப் பட்டறை

உடைந்த சக்கரத்தைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். பட்டறைக்காரர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஜென்மத்தில் இப்படியொன்றைச் செய்ததில்லை என்று முகமே சொன்னது. முடியாதென்று ஒரு வரி எழுதித் தரச் சொல்லிக் கெஞ்சினேன்.

"அய்யய்யோ! ஆகல்லன்னு எழுதினா சர்க்கார்ல என் இரும்பு கோட்டாவைக் கொறைச்சிடுவாங்க. ஆகும்னே எழுதறேன். எப்போன்னு மட்டும் கேக்காதீங்க."

மெட்ராஸ் ஆபீஸ்

ஆகும் என்றவரிடமே செய்துகொள்ளச் சொல்லி மெட்ராஸ் லைசென்ஸ் ஆபீஸிலிருந்து உத்தரவு வந்தது. செய்து கொடுத்தார். மூன்றாம் நாள் பற்கள் உதிர்ந்தன. அவற்றைத் தீப்பெட்டியில் அள்ளிப்போய் மெட்ராஸ் கிளார்க்கின் மேஜைமேல் கொட்டினேன். அவர் ஃபைலில் தூசு படாமல் ஓரமாக ஒதுக்கினார்.

"உடைஞ்சதுக்கு அத்தாட்சி கொண்டாந்திருக்கீங்க. முடியாதுங்கறதுக்குக் கடுதாசி எங்கே சார்?"

மேரியின் கேள்வி

வெறுங்கையோடு திரும்பும்போதெல்லாம் கொட்டகைப் பக்கம் போகாமல் பின்வழியாக நுழைவேன். பேக்கிங் பார்க்கும் மேரி ஒருநாள் அங்கேயே மறித்துக்கொண்டாள். அவள் சம்பளம் ஒன்றில்தான் வீடு ஓடியது.

"ஏன்ணா, ஜெர்மன்காரன் குடுக்க மாட்டேங்கறானா, நம்மாளு வாங்க உட மாட்டேங்கறானா? யாருகிட்ட போயி அழுவறதுன்னாவது சொல்லுங்க."

திருச்சிக்காரர்

ஒரு நாள் திருச்சியிலிருந்து, என்னைப் போலவே பையும் வியர்வையுமாக ஒருவர் வந்தார். அவர்கள் மிஷினுக்கு மயிரிழை மாதிரி ஒரு ஸ்பிரிங் வேண்டுமாம். வெளிநாட்டிலிருந்து வரவழைக்க, எங்களால் முடியாது என்ற கடிதம் வேண்டுமாம். சத்தியமாக எங்களால் முடியாதுதான். முதலாளி என்னை உள்ளே கூப்பிட்டார். "இதுக்கு வழி உட்டா நாளைக்கு எல்லா ஸ்பிரிங்கும் கப்பல்ல வந்துடும். அப்புறம் நீயும் இல்ல, நானும் இல்ல" என்றார்.

'எங்களால் முடியும்' என்று டைப் அடித்தேன். வெட்கமாக இருந்தது, அதைவிடப் பயமாக இருந்தது. திருச்சிக்காரர் கடிதத்தைப் படித்துவிட்டு மெதுவாக மடித்தார்.

"உங்க மிஷினும் நிக்குதாமே சார்? வாட்ச்மேன் சொன்னாரு."

முடியாது என்ற கடிதம் கடைசிவரை கிடைக்காமலே எப்படியோ எங்கள் லைசென்ஸ் வந்து சேர்ந்தபோது கொட்டகையில் ஏழு பேர்தான் மிச்சம் என்றாலும், அந்தக் காலத்தில் இந்த நாட்டில் முடியாதது என்று காகிதத்தில் ஒன்றுகூட இருந்ததில்லை.