முனவ்வரின் மிதவைப் பாதை

தலைமன்னார்க் காற்றைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஒருமுறை கொண்டல் காற்று ஒரு கோழியைத் தூக்கி இராமேஸ்வரத்தில் போட்டதாம். அது அங்கேயே அடைகிடந்து, எதிர்க்காற்றான கச்சான் பிறந்ததும் ஏழு குஞ்சுகளோடு பறந்து வந்ததாம். நம்பாதவர்கள் முனவ்வரைக் கேட்கலாம். அந்தக் காற்றை அவரைவிட அறிந்தவர் இல்லை. அறிந்தும் ஏமாந்தார்.

முப்பது வருடம் கடலுக்குப் போனவர், முதுகு விட்டுப்போனபின் கரையில் ஒரு பாதை போட்டார். ரயில் நிலையத்தடியில் தொடங்கி, பனைகளுக்குள்ளால் வளைந்து, மணல் மேட்டைச் சுற்றி, கடல்நீர் தேங்கிப் பூநாரைகள் நிற்கும் களப்புவரை ஒரு மணித்தியால நடை. களப்போரம்தான் அவர் வீடு. வழியில் ஏற்றமில்லை, முள்ளை எல்லாம் அவரே கையால் பிடுங்கியிருந்தார். "நாலு வயசுப் பிள்ளையும் அழாம நடக்கும்" என்று, குடும்பங்களை வான் வண்டியில் ஏற்றி ஊர் காட்டும் ஒரு கொழும்பு நிறுவனத்துக்குத் தொலைபேசியில் சொன்னார்.

"சனிக்கிழமை மூண்டு குடும்பத்தோட வாறன். வழிகாட்டி இல்லாமலே நடந்து பாப்பம். சரிவந்தா மாதாமாதம் ஆக்களை அனுப்புறம்" என்றான் நிறுவனத்துப் பையன்.

மகள் றிம்ஷா குவைத்துக்கு வீட்டுவேலைக்குப் புறப்பட வேண்டியது திங்கட்கிழமை.

"இது சரிவந்தா நிப்பியா மகள்?"

"நிக்கிறன் வாப்பா. வாறவங்களுக்குச் சமைச்சுக் குடுத்துக்கொண்டு இஞ்சயே நிக்கிறன்." பிறகு, "சரிவராட்டி நீங்க அழக்கூடாது" என்றாள்.

பாதைக்கு அடையாளமாக அவர் வழியோரப் பற்றைச் செடிகளில் ஆரஞ்சு நிற வலை மிதவைகளைக் கட்டினார். எல்லாம் கரையில் ஒதுங்கிப் பொறுக்கியவை. கடல் ஒதுக்கியது கண்டவனுக்கு என்பது அந்தக் கரையின் பழைய சட்டம். அந்தச் சட்டம் தன் மிதவைகளுக்கும் பொருந்தும் என்று மட்டும் அவர் நினைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை அவர் பார்த்தபோது எல்லாம் கட்டியபடியே இருந்தன. ஜும்மாத் தொழுகைக்குப் போன நேரம் காற்று எழுந்தது, கயிறுகள் அறுந்தன. மணலில் கிடந்ததைக் கண்டவர்கள் எடுத்துப் போனார்கள். ரயில் நிலையத்துக்குக் கிட்ட இருக்கும் அன்னப்பிள்ளை நாலைந்தைத் தன் வேலியில் தொங்கவிட்டாள். பக்கத்து வீட்டுச் சபூரா ஒன்றைக் கோழிக்கூட்டின் கதவுக்குப் பாரமாகக் கட்டினாள்.

சனிக்கிழமை, சொன்ன நேரத்துக்கு முன்பே வான் ரயில் நிலையத்தடிக்கு வந்துவிட்டது. முனவ்வர் வெள்ளி காலை பார்த்ததை நம்பி, களப்படியில் கழுதைச் சாணியைக் கூட்டித் தள்ளிவிட்டு, பாய் விரித்துக் காத்திருந்தார். தூரத்தில் பூநாரைகள் கலியாண வீட்டுக்கு உடுத்தி வந்ததுபோல் நின்றன. றிம்ஷா தேத்தண்ணியை மூன்று தரம் சூடாக்கினாள். ஒருவரும் வரவில்லை.

குடும்பங்கள் மிதவைகளைப் பார்த்துத்தான் நடந்தன. மிதவைகள் அவர்களை நேரே அன்னப்பிள்ளையின் முற்றத்துக்குக் கொண்டுபோயின. "வாங்கோ, ஆரைத் தேடுறியள்?" என்று கேட்ட அவள், பதில் வருவதற்குள் புட்டு வைத்துவிட்டாள். அடுத்த மிதவை சபூராவின் கோழிக்கூடு. அங்கே சேவல் ஒரு பிள்ளையைத் துரத்தி மரமேற்றிவிட்டது. அதோடு எல்லோரும் வானுக்குத் திரும்பினார்கள்.

மத்தியானம் நிறுவனத்துப் பையன் தொலைபேசியில் அழைத்தான். "பாதை தெளிவில்லை ஐயா. பிள்ளைகளுக்குச் சரிவராது."

"காத்து அறுத்துப் போட்டுது தம்பி. இன்னொருக்கா வந்து பாருங்கோ."

"பாப்பம்" என்றான். பார்க்கமாட்டான் என்பது இருவருக்கும் தெரியும்.

முனவ்வர் அன்னப்பிள்ளையின் வேலியடியில் போய் நின்றார்.

"கரையில கிடந்தது எண்டுதான் எடுத்தனான் அண்ணை. நீங்களும் கரையில எடுத்ததுதானே?"

அவள் சொன்னது நியாயம்.

சங்கதி ஊருக்குத் தெரிந்ததும் ஆட்களுக்கு வெட்கமாகிவிட்டது. ஞாயிறு பின்னேரம் எடுத்தவர்களும் கொண்டுவந்தார்கள், எடுக்காதவர்களும் கொண்டுவந்தார்கள். தீவில் அதற்குப்பிறகு வலைபோட மிதவையே இருக்கவில்லை என்பார்கள். றிம்ஷா பிடித்துக் கொடுக்க, முனவ்வர் இரட்டை முடிச்சாகக் கட்டினார். இரண்டு பற்றைக்கு ஒன்று. கண் தெரியாதவனும் வழிதவறமாட்டான்.

திங்கள் காலை அவர் சட்டையை மாட்டியபோது றிம்ஷா பையைத் தூக்கினாள்.

"நீங்க வரவேணாம் வாப்பா. திரும்பி வரேக்க தனிய வரவேணும்."

"வழி..."

"வழி வடிவாத் தெரியுது."

அவள் மிதவை மிதவையாகப் பார்த்து மணல் மேட்டைச் சுற்றினாள், பனைகளுக்குள் போனாள். ஓரிடத்திலும் தடுமாறவில்லை. ஒரு மணித்தியாலம் கழித்து ரயில் கூவியது. அவரைத் தவிர, அந்தப் பாதையை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நடந்து முடித்த ஆள், இன்றுவரை அவள் ஒருத்திதான்.

முனவ்வர் இப்போதும் காலையில் போய் முடிச்சுகளை இழுத்துப் பார்க்கிறார். ஒன்றும் அவிழவில்லை.