‘சரி’ என்றது, எழுந்திருக்கவில்லை

போன வருடம் ஆடி மாதம். திருவனந்தபுரத்தில் நான் வேலை பார்க்கும் சின்ன நிறுவனத்திலிருந்து ஜீப்பில் பொன்முடிக்குப் போயிருந்தோம். தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்களுக்கு மேலே, மண் சரிந்தால் சைரன் ஊதி எச்சரிக்கும் பெட்டியை மாட்டும் வேலை.

அந்தப் பெட்டியின் சிப்பில் இரண்டு கோர்கள். இரண்டு மூளை என்று வைத்துக்கொள்ளுங்களேன். ஒன்று மலைச்சரிவைக் கவனித்துக்கொண்டே இருக்கும். சைரனைப் பார்த்துக்கொள்ளும் இன்னொன்று, பேட்டரியை மிச்சம் பிடிக்கத் தூங்கும். ஆபத்து என்றால் முதலாவது அதை எழுப்பும். எழுப்பும் விதம் சிப்புக்குச் சிப்பு மாறும் என்பதால், எல்லாவற்றுக்கும் பொதுவாக ‘கோரை எழுப்பு’ என்று ஒரே கட்டளையை ஆபரேட்டிங் சிஸ்டமே வைத்திருக்கிறது. அந்தத் தைரியத்தில், புதுச் சிப்புக்கு மாறியபோது என் புரோகிராமில் ஒரு வரியைக்கூட நான் தொடவில்லை. அதில் எனக்குப் பெருமை வேறு!

ஜனங்கள் பதறுவார்களே என்று சைரன் ஒயரைக் கழற்றிவிட்டுப் பரிசோதிப்பதுதான் எங்கள் வழக்கம். அன்றும் அப்படியே. கட்டளைக்கு ‘சரி’ என்று பதில் வந்தது, பச்சை விளக்கு எரிந்தது. மழை வலுத்தது. “ஓகே காட்டுதல்லே, பின்னே என்ன? வா, போகாம்” என்று எங்கள் மேனேஜர் ஜீப்பில் ஏறிவிட்டார்.

லயத்தின் கடைசி வீட்டு அக்கா, இடுப்பில் குழந்தையோடு வழியை மறித்தார். “வெளக்கு எரிஞ்சா போதுமா தங்கச்சி? கதவடச்சுக் கிடக்கும்போ வெளக்க ஆரு பாக்கப் போறா? சத்தம் கேக்கணும்லா!”

எரிச்சலோடுதான் ஒயரை மாட்டிக் கட்டளையைக் கொடுத்தேன். ‘சரி’ வந்தது. பச்சை விளக்கும் எரிந்தது. சைரன் மூச்சு விடவில்லை. மறுபடி பார்த்தேன். ஊஹூம். அக்கா குழந்தையை இறுக்கிக்கொண்டார்.

பெட்டியைக் கழற்றிக்கொண்டு வந்து ஆராய்ந்தபோதுதான் புரிந்தது. பழைய சிப் ‘சரி’ என்றால், கோர் எழுந்துவிட்டது என்று அர்த்தம். புதுச் சிப்பின் ‘சரி’க்கு, நீ சொன்னது காதில் விழுந்தது என்று மட்டுமே அர்த்தம். ஆபீஸில் முழு மின்சாரத்தில் எப்போதும் எழுந்த கோர், மலையில் வெயில் காணாத சோலார் பேட்டரியில் எழவில்லை. காலையில் என் கணவரும் “ம், எழுந்துட்டேன்” என்று சொல்லித்தான் திரும்பிப் படுப்பார்!

பேட்டரியைப் பெரிதாக்கினோம். இப்போது, எழுந்த கோர் தானே வந்து சொன்னால்தான் பச்சை விளக்கு எரியும். ஞாயிறு பகலில் சைரனை ஊதிப் பார்க்கிறார்கள். அக்கா எனக்கு போன் போட்டு, அதைச் சைரன் பக்கம் நீட்டிப் பிடிப்பார். காது கிழியும், ஆனாலும் நானாக வைப்பதில்லை. அன்று அவர் மட்டும் வழியை மறித்திருக்காவிட்டால், அந்தச் ‘சரி’யை நம்பி ஒரு லயமே தூங்கியிருக்கும்.