காகிதத்தில் இல்லாத பெட்டி

நவம்பர் பிறந்தால் வெர்லீன் டோப்வெல்லுக்குப் பயம் பிடித்துக்கொள்ளும். அந்தச் சின்னத் தீவின் துறைமுக ஊரான கிங்ஸ்டவுனில் மற்றவர்கள் பன்றித் தொடைக்குச் சொல்லிவைப்பதும், கிறிஸ்துமஸ் பானத்துக்குச் சோரல் பூவைக் காயப்போடுவதும், சுவருக்கு வண்ணம் அடிப்பதுமாக இருக்கையில், அவள் துறைமுக வேலிக்கு வெளியே நின்று பீப்பாய்களைப் பார்த்துக்கொண்டிருப்பாள். நியூயார்க்கிலும் டொராண்டோவிலும் இருக்கும் பிள்ளைகள் அரிசியும் சோப்பும் செருப்பும் திணித்து வீட்டுக்கு அனுப்பும் பீப்பாய்கள். முதலில் கொட்டகைக்குள் ஒரு வரிசை நிற்கும். பிறகு பின்சுவர் மறையும். பிறகு இடமில்லாமல் வாசலுக்கு வெளியே தார்ப்பாய் போட்டு அடுக்குவார்கள். தார்ப்பாய் வந்துவிட்டால், அதன் பின் வருகிற எந்தச் சரக்கும் நேரத்துக்கு வெளியே போகாது.

அவள் கிளியரிங் ஏஜென்ட். வியாபாரிகள் வெளிநாட்டிலிருந்து வரவழைக்கும் சரக்கைச் சுங்கத்திலிருந்து மீட்டுக் கொடுப்பது தொழில். வாழைக்காய்க் கப்பல்கள் வந்துபோன காலத்தில் ஒரு கப்பல் கம்பெனியில் தட்டச்சு செய்தவள். வாழை நொடித்தது, கம்பெனி மூடியது, கல்யாணப் பேச்சு ஒன்று இருந்தது, அதுவும் அந்தக் கம்பெனியோடு போயிற்று. உரிமத் தேர்வில் இரண்டு முறை தோற்று மூன்றாம் முறை தேறினாள். தொழில் ரகசியம் என்று எதுவும் அவளிடம் கிடையாது. பயந்தாள், அவ்வளவுதான். பயந்ததால் கிறிஸ்துமஸ் சரக்கை ஆகஸ்டிலேயே ஆர்டர் போடச் சொல்லி வியாபாரிகளை நச்சரித்து, அவர்களிடம் கேலியும் வாங்கினாள். கப்பல் கிளம்பும் முன்னரே காகிதங்களை வாங்கிச் சுங்கத்தில் கொடுத்தாள். காகிதத்தில் இருப்பதுதான் பெட்டியில் இருக்க வேண்டும், ஒரு பொம்மைகூட அதிகமாக வரக்கூடாது என்று எல்லாரிடமும் ஓதினாள். அவள் கொண்டுவரும் கன்டெய்னர்களைச் சுங்கத்தார் பெரும்பாலும் திறக்காமலே விட்டார்கள்.

அவள் மிகவும் பயந்தது டசில்வாவின் கன்டெய்னருக்கு. டசில்வா மருந்துக்கடைக்காரர். சிறுநீரகம் கெட்டவர்கள் வீட்டிலேயே வயிற்றுக்குள் ஏற்றி இறக்கும் டயாலிசிஸ் திரவம் பைபையாக அவருக்குத்தான் வரும். தீவில் அதை நம்பி இருந்தவர்கள் ஒரு சிலர். அவர்களில் ஒருவன் வெர்லீனின் தம்பி எஸ்ரா.

எஸ்ரா மினிபஸ் ஓட்டியவன். சர்க்கரையும் ரத்தக் கொதிப்பும் சேர்ந்து சிறுநீரகத்தைத் தின்ற பிறகு அக்கா வீட்டு முன்னறைக்குக் குடிவந்தான். தொப்புளுக்குப் பக்கத்தில் ஒரு குழாய். நாளுக்கு நான்கு முறை கதவைச் சாத்தி, மின்விசிறியை நிறுத்தி, கையை முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவி, பையை மாட்ட வேண்டும். வெளியே வரும் நீர் வெளிறிய தேநீர் போலத் தெளிவாக இருந்தால் நல்லது. கலங்கி வந்தால் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். வெர்லீன் முகம் சுளிக்காமல் இதைக் கற்றுக்கொண்டாள். அவள் வேலையில் இருக்கும் பகல் வேளைகளில் மட்டும் அவன் தானே சமாளிப்பான். அவனும் அவளைச் சிரிக்கவைக்கப் பார்ப்பான். பலிக்காது.

பைகள் அட்டைப்பெட்டிகளில் வரும். முன்னறைச் சுவரோரம் அவற்றை ஜன்னல் விளிம்பு உயரத்துக்கு அடுக்கியிருப்பார்கள். அந்த ஆண்டு நவம்பர் கடைசியில் அடுக்கு நாற்காலி உயரத்துக்கு இறங்கிவிட்டது. மியாமியிலிருந்து புறப்பட்ட கன்டெய்னரை, வழியில் கப்பல் மாற்றும் துறைமுகத்தில் இரண்டு தடவை ஏற்றாமல் விட்டுவிட்டார்கள். தொலைக்காட்சிப் பெட்டிகளும் சைக்கிள்களும் முந்திக்கொண்டன. வெர்லீன் தினமும் தொலைபேசியில் கெஞ்சினாள். ஒருவழியாக டிசம்பர் நடுவில் ஏற்றிவிட்டோம் என்று செய்தி வந்தது. அன்று மாலை அவள் கொஞ்சம் மூச்சு விட்டாள். மீனும் ஈரப்பலாக்காயும் சுட்டாள். எஸ்ரா சாப்பிட்டுக்கொண்டே சொன்னான்:

"அக்கா, இந்த வருஷம் ஜன்னலை நல்லாத் தொடச்சு வை."

"ஏன், எந்த மகராசன் வரப்போறான்?"

"ஆள் வரல. வர்றது மருந்தோடயே வருது."

வெர்லீன் கரண்டியை வைத்தாள். "மருந்தோட என்ன வருது?"

"கர்ட்டன். லிண்டன்கிட்ட சொன்னேன். பைக்கு நடுவுல ஒரு பெட்டிக்கு எடம் இருக்குன்னான். உங்கிட்ட சொல்லாம மாட்டி வைக்கலாம்னு பாத்தேன், வாய் நிக்கல."

"டசில்வாவோட கன்டெய்னர்லயா?"

"பின்ன, கடல்ல நீந்தியா வரும்?"

கிறிஸ்துமஸுக்கு முந்தின ராத்திரி புதுத் திரைச்சீலை மாட்டாத வீட்டை இங்கே யாரும் வீடாக மதிப்பதில்லை. எஸ்ரா வந்ததிலிருந்து வெர்லீன் பழையதையே துவைத்து மாட்டிவந்தாள். அது அவனுக்கு உறுத்தியிருக்கிறது. அவளுக்குப் புரிந்தது. புரிந்ததால் கோபம் குறையவில்லை.

லிண்டன் அவர்களுடைய அத்தை மகன். மியாமியில் அந்த மருந்துச் சரக்கைக் கட்டி ஏற்றும் கிடங்கில் வேலை. சென்ற ஆண்டு ஊருக்கு வந்தபோது இரண்டு தொலைபேசி வைத்திருந்தான். ஒன்று அடிக்கும்போதெல்லாம் எழுந்து முற்றத்துக்குப் போய்ப் பேசினான். அதே ஆண்டு துறைமுகத்தில் ஒரு பீப்பாயில், அரிசிக்கு அடியில், துப்பாக்கிகள் கிடைத்தன. அதற்குக் கையெழுத்துப் போட்ட தையல்காரி, யாரோ உறவுக்காரனுக்காகப் போட்டவள், இன்னும் கோர்ட்டுக்கு அலைகிறாள்.

வெர்லீன் எழுந்துபோய்க் கை கழுவினாள். பிறகு லிண்டனைத் தொலைபேசியில் கூப்பிட்டாள்.

"வெறும் துணிதான்க்கா. இதுக்குப் போய் இப்படி நடுங்கற?"

"எந்தப் பக்கம் வச்ச? கதவோரமா, உள்ளயா?"

"அவசரத்துல வச்சேன். நடுவுல எங்கயோ இருக்கும்."

பேசும்போதே அவனுக்குப் பின்னால் இன்னொரு தொலைபேசி அடித்தது. அவன் வைத்துவிட்டான்.

அந்த இரவு அவள் கூரையைப் பார்த்துக் கிடந்தாள். வாயை மூடிக்கொண்டு இருந்தால் கன்டெய்னர் திறக்கப்படாமல் போகலாம். ஆனால் பீப்பாயில் துப்பாக்கி கிடைத்த பிறகு, டிசம்பரில் நினைத்த நேரத்தில் ஏதாவதொரு கன்டெய்னரை உடைத்துப் பார்க்கிறார்கள். காகிதத்தில் இல்லாத பெட்டி அகப்பட்டால் மருந்து முழுவதும் விசாரணை முடியும் வரை பூட்டிக் கிடக்கும். சொல்லிவிட்டாலோ, சோதனை வரிசைக்குப் போகும். அந்த வரிசை கிறிஸ்துமஸைத் தாண்டி நின்றது. வெயிலில் இரும்புப் பெட்டிக்குள் சூடேறினால் பைகளும் கெடும். அப்புறம் அந்தப் பெட்டியில் இருப்பது திரைச்சீலை இல்லையென்றால்? அந்த இடத்துக்கு வந்ததும் அவள் மனம் நின்றுவிடும். மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும்.

கப்பல் வந்து கட்டிய அன்று எஸ்ராவுக்குச் செருப்பு நுழையவில்லை. வெர்லீன் குனிந்து அவன் கணைக்கால் எலும்பின் மேல் கட்டைவிரலால் அழுத்தி எடுத்தாள். குழி விழுந்தது. அது அப்படியே நின்றது.

"எத்தன தடவ மாத்தற?"

"நாலு."

"டேய்."

"ரெண்டு," என்றான். "கப்பல் லேட்டாகும்னு நீ போன்ல அழுததைக் கேட்டேன். மிச்சம் பிடிக்கலாம்னு."

"மிச்சம் பிடிக்கறதுக்கு இது என்ன சர்க்கரையா? ராத்திரி மூச்சு முட்டுதா?"

அவன் கண் தலையணைப் பக்கம் போனது. இரண்டு தலையணை வைத்துப் படுக்க ஆரம்பித்திருந்தான் என்பதை அவள் அப்போதுதான் கவனித்தாள். கால் நீர் நெஞ்சுக்கு ஏறுவதற்கு அதிக நாள் பிடிக்காது. ஆஸ்பத்திரி இயந்திரத்தில் இடமில்லை என்று ஏற்கெனவே சொல்லியிருந்தார்கள்.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய ஒன்பது விடியல்களிலும் இந்த ஊர் தூங்காது. இருட்டோடு எழுந்து தெருவில் பாட்டு, கொட்டு, சைக்கிள் பந்தயம், கடல் குளியல். சுங்க அதிகாரி பாலன்டைன் அம்மாள் ஒரு விடியலையும் விடாமல் வில்லாக் கடற்கரையில் குளிப்பவள். டிசம்பரில் யார் வீட்டிலும் பண்டிகைக்குச் செய்யும் கறுப்புக் கேக்கை ஒரு துண்டுகூட வாங்கித் தின்னாதவள் என்று பெயர். வெர்லீன் ஆபீஸ் உடுப்போடு மணலில் போய் நின்றாள்.

"மேடம், ஒரு விஷயம்."

"தண்ணில மேடம் கெடையாது. எறங்கு, இல்லன்னா ஆபீஸ்ல வந்து பேசு."

வெர்லீன் செருப்பைக் கழற்றிவிட்டுப் பாவாடையோடு முழங்கால் வரை இறங்கினாள். தண்ணீர் சில்லென்றிருந்தது. சொன்னாள். தம்பி, லிண்டன், பெட்டி, எதையும் விடவில்லை.

"பெட்டில என்ன இருக்கு?"

"கர்ட்டன்னு சொல்றாங்க."

"அவங்க சொல்றது இருக்கட்டும். நீ என்ன சொல்ற?"

"எனக்குத் தெரியாது."

பாலன்டைன் அம்மாள் கழுத்தளவு நீரில் இருந்தபடி அவள் பக்கம் திரும்பினாள். "உன் வாயிலேர்ந்து இந்த வார்த்தைய நான் கேட்டதே இல்ல," என்றாள். "பகல்ல உனக்கு எடம் கெடையாது. வரிசைல நிக்கறவன் என்னை உயிரோட விடமாட்டான். நாளைக்கு இருட்டோட, ஷெட்டு தொறக்கறதுக்கு முந்தி வர்றேன். ஓவர்டைம்னு முறையா எழுதிக் கொடு. ஆள் நீ கொண்டா. ஒரு பெட்டி விடாம வெளிய வரணும். வேற ஏதாவது இருந்துச்சுன்னா போலீஸக் கூப்பிடுவேன். உன் மூஞ்சியப் பாக்க மாட்டேன்."

"சரி."

"யோசிச்சுச் சொல்லு. இன்னும் நீ எதுலயும் கையெழுத்துப் போடல."

வெர்லீன் யோசித்தாள். இரண்டு தலையணை நினைவுக்கு வந்தது. "போடறேன்," என்றாள்.

விடியலுக்கு முன் சுமை தூக்க வேறெந்த மாதத்திலும் ஆள் கிடைக்காது. இந்த ஒன்பது நாளில் ஊரே தெருவில்தான் நிற்கும். மறுநாள் அவள் சந்தையோரம் கொட்டு அடித்துக்கொண்டிருந்த கூட்டத்துக்குள் புகுந்து, தலைவன் கெல்ரனைத் தோளில் தட்டினாள்.

"கொட்ட நிறுத்து. துறைமுகத்துல வேலை."

"பாட்டுக்குக் கூப்பிடுவாங்க, கல்யாணத்துக்குக் கூப்பிடுவாங்க. கன்டெய்னர் காலி பண்ணக் கூப்பிடற ஒரே ஆளு நீதான் வெர்லீன் அக்கா. கூலி என்ன?"

"ஆளுக்கு அரை நாள் கூலி. மேல ஒரு கேக்."

"உன் கேக்கா? அதத் தூக்கறதுக்குத் தனியாக் கூலி கேப்போம்."

சிரித்துக்கொண்டே வந்தார்கள். கன்டெய்னர் கதவு திறந்து, பாலன்டைன் அம்மாள் கத்தியோடும் துறைமுகக் காவலரோடும் நிற்பதைக் கண்டதும் சிரிப்பு நின்றது. வெள்ளை அட்டைப்பெட்டிகள் ஒவ்வொன்றாக வெளியே வந்து தார்ப்பாயில் அடுக்கடுக்காக ஏறின. எல்லாம் ஒரே மாதிரி. மலைக்கு மேல் மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. நனைந்தால் மருந்து வீண். வெர்லீன் ஒரு கண்ணை மேகத்திலும் ஒரு கண்ணைக் கன்டெய்னரின் இருட்டிலும் வைத்திருந்தாள். பாதி காலியானது. பெட்டி வரவில்லை. லிண்டன் வைக்கவே இல்லையோ என்று ஒரு நிமிடம் ஆசைப்பட்டாள்.

"இதோ ஒண்ணு வேற மாதிரி," என்றது உள்ளேயிருந்து கெல்ரனின் குரல். பழுப்புப் பெட்டி. சுற்றிச் சுற்றி நாடா ஒட்டியிருந்தது. அவன் தூக்கி வந்து முனகியபடி இறக்கினான். "துணியா இது, அக்கா? கல்லு மாதிரி கனக்குது."

காவலர் ஒரு அடி முன்னால் வந்தார். பாலன்டைன் அம்மாள் ஆட்களைப் பின்னால் போகச் சொன்னாள். வெர்லீன், தன்னைக் கூட்டிப் போய்விட்டால் எஸ்ராவுக்குப் பை மாட்ட யார் இருக்கிறார்கள் என்றுதான் நினைத்தாள். பக்கத்து வீட்டு மார்வாவுக்குக் கை சுத்தம் போதாது.

கத்தி நாடாவைக் கிழித்தது. மேலே தடித்த பொன்னிறத் துணி, பெரிய சிவப்புப் பூக்கள். பாலன்டைன் அம்மாள் உருவி உதறினாள். உருவிக்கொண்டே வந்தவள் கை நின்றது. அடிமடிப்பை விரல்களால் நெருடினாள். உள்ளே ஏதோ கெட்டியாக உருண்டது. வெர்லீனைப் பார்க்காமலே மடிப்பைக் கீறினாள். கறுத்த உலோகத் துண்டுகள் சிமென்ட் தரையில் டொக்டொக்கென்று விழுந்து ஓடின.

காவலர் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். தட்டையாக, பொத்தான் அளவில் இருந்தது. "ஈயம்," என்றார். "காத்துல பறக்காம இருக்கறதுக்கு அடியில வச்சுத் தைப்பாங்க. எங்க அம்மா வீட்டுலயும் இருக்கு."

பாலன்டைன் அம்மாள் அதோடு விடவில்லை. ஒவ்வொரு திரைச்சீலையையும் பிரித்து, ஒவ்வொரு மடிப்பையும் கீறினாள். ஒவ்வொரு முறையும் வெர்லீன் கண்ணை மூடினாள். ஒவ்வொரு முறையும் ஈயம்தான் விழுந்தது. கடைசியில் பெட்டியின் அடி அட்டையையும் பிய்த்துப் பார்த்துவிட்டு எழுந்தாள்.

"மருந்து போகலாம். துணி இங்க நிக்கும், அபராதம் கட்டி எடுத்துக்கோ. உன் பேர்ல குறிப்பு எழுதறேன். இனி ஒரு வருஷம் உன் சரக்கெல்லாம் தொறந்து பாத்துத்தான் போகும்."

"மத்தவங்க சரக்குமா மேடம்? அவங்க என்ன பண்ணாங்க?"

"உன்னை நம்பினாங்க," என்றாள் பாலன்டைன் அம்மாள்.

கடைசிப் பெட்டி டசில்வாவின் வேனில் ஏறியபோது முதல் தூறல் விழுந்தது. வெர்லீன் வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்தி, மின்விசிறியை நிறுத்தி, கையைக் கழுவி, பையை மாட்டினாள். எஸ்ரா மன்னிப்புக் கேட்க வாயெடுத்தான். "மாட்டும்போது பேசாத, எச்சில் தெறிக்கும்," என்றாள். கிறிஸ்துமஸ் வருவதற்குள் அவன் காலில் அழுத்திய குழி உடனே மேலெழும்ப ஆரம்பித்துவிட்டது. இரண்டாவது தலையணையை அவனே அலமாரியில் வைத்தான். அந்தப் பண்டிகைக்கும் பழைய திரைச்சீலையே தொங்கியது.

அடுத்த ஆண்டு வேலை கடுமையாக இருந்தது. இரண்டு வியாபாரிகள் விலகினார்கள். மீதிப் பேர் ஜூலையிலேயே ஆர்டர் போட்டார்கள். இப்போது அவளை யாரும் கேலி செய்யவில்லை. அபராதம் கட்டி மீட்ட பொன்னிறத் திரைச்சீலைகள் முன்னறை ஜன்னலில் ஏறின. அடிமடிப்பெல்லாம் கிழிந்தபடி. மார்வா பார்த்துவிட்டு, "ஊசி எடுத்து ரெண்டு தையல் போடக்கூடாதா?" என்றாள்.

"இருக்கட்டும்," என்றாள் வெர்லீன்.

நவம்பரில் லிண்டன் கூப்பிட்டான். "அக்கா, இந்த வருஷம் என்ன வேணும்?"

"ஒண்ணும் வேணாம். ஒரு நூல்கூட வைக்காத."

"நீ வேணாம்ப. எஸ்ராவக் கேட்டாத்தான் தெரியும்," என்று சிரித்தான். அந்தச் சிரிப்பில் என்ன இருந்தது என்று அவளுக்குப் பிடிபடவில்லை. அவனுக்குப் பின்னால் இன்னொரு தொலைபேசி அடித்தது.

அவள் முன்னறைக்குப் போனாள். எஸ்ரா தூங்கிக்கொண்டிருந்தான். அடுக்கு ஜன்னல் விளிம்பு வரை இருந்தது. காற்றில் திரைச்சீலைகள் கனமில்லாமல் பறந்தன. அவனை எழுப்பி, லிண்டனிடம் ஏதாவது சொன்னாயா என்று கேட்டாள். இல்லை என்றான். மறுபடியும் கேட்டாள். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு துறைமுக வேலிக்குப் போனாள். பீப்பாய்கள் இன்னும் கொட்டகைக்குள்தான் இருந்தன. பின்சுவர் கொஞ்சம் தெரிந்தது. தார்ப்பாய் இன்னும் வரவில்லை.