குடித்துக் காட்டிய டி.என்.ஏ.

யுத்த காலத்துக் கொழும்பில் தண்ணீர்ப் போத்தலோடு வெளிக்கிட்டால் சோதனைச் சாவடியில் ஒரு வாய் குடித்துக் காட்ட வேண்டும். குடித்தவர் விழாவிட்டால் அது தண்ணீர். இதைவிட எளிமையான இரசாயனப் பரிசோதனையை எந்தப் பல்கலைக்கழகத்திலும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

நானும் அப்போது ஒரு பரிசோதனையில்தான் மாட்டுப்பட்டிருந்தேன். டி.என்.ஏ.யின் நான்கு மூலங்களில் ஒன்று சைற்றோசின். ஒரு நொதியம் வந்து அதன் மேல் மெதைல் என்ற சின்ன அடையாளத்தை வைத்துவிட்டுப் போகும். பக்கத்தில் நிற்கும் குவானினில் ஒட்சிசன் ஏறி, இரும்பு துருப்பிடிப்பதுபோல அது மாறிவிட்டால், நொதியம் அப்போதும் அடையாளம் வைக்குமா? இந்த ஒரு கேள்விக்காக இரண்டு வருடம் வெள்ளவத்தை வாடகை அறையில் பாணும் சம்பலும் தின்றேன்.

கடைசிப் பரிசோதனைக்கு மூன்று சின்னக் குழாய்கள். ஒன்றில் நொதியம், ஒன்றில் துருவேறிய டி.என்.ஏ., மற்றதில் நல்ல டி.என்.ஏ. நல்லதில் அடையாளம் விழுந்தால்தான் நொதியம் பழுதாகவில்லை என்று நம்பலாம். எல்லாம் ஒரு தடவைக்குத்தான் காணும். என் ஆராய்ச்சிக் காலமோ அந்த மாதத்தோடு முடிகிறது.

மின்வெட்டுக்குப் பயந்து குழாய்களைக் கொட்டாஞ்சேனையில் ஜெனரேட்டர் உள்ள ஓர் இரத்தப் பரிசோதனை நிலையத்தில் வைத்திருந்தோம். அன்று காலை அவற்றை ஐஸ் போட்ட பிளாஸ்கில் எடுத்துக்கொண்டு பல்கலைக்கழகத்துக்குப் பஸ் ஏறினேன். பாதி வழியில் எல்லோரையும் இறக்கினார்கள். அடையாள அட்டையைப் பார்த்த சிப்பாய் பிளாஸ்கைத் திறந்தான்.

“மேக்க மொக்கத்த?” இது என்னவாம்.

டி.என்.ஏ. என்றேன். யாருடையது என்று சிங்களத்தில் கேட்டான். ஒருவருடையதும் இல்லை, செய்வித்தது என்றேன். வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். சொந்தக்காரர் இல்லாத சாமான் என்றால் அந்த நாட்களில் ஊரே ஓடும்.

“பொன்ன,” என்றான். குடிக்கட்டாம்.

ஐஸ் உருகிய தண்ணீரைக் குடித்துக் காட்டினேன். அவன் மசியவில்லை. குழாய்களைக் காட்டி, இதில் ஒன்று என்றான். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. பஸ்காரன் ஹோர்ன் அடித்தான். நான் ஒரு குழாயைத் திறந்து நாக்கில் கவிழ்த்தேன். ஒரு துளிதான், ருசியே இல்லை. சிப்பாய் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். நான் விழவில்லை. “ஹரி, மிஸ், யன்ன,” என்று சிரித்தபடி போகவிட்டான். அவனுடைய பரிசோதனை சுத்தமாக முடிந்தது.

என்னுடையதில் அடையாளம் விழவில்லை. அன்று பின்னேரம் முடிவைக் கொண்டுபோய்ப் பேராசிரியரிடம் காட்டினேன்.

“துருவேறினதில விழேல்லை. சரி. நல்லதில?”

நடந்ததைச் சொன்னேன்.

“அப்ப நொதியம் வேணுமெண்டு விட்டதோ, வெயிலுக்குப் பழுதாப் போச்சோ, ஆருக்குத் தெரியும்?” தலையில் கை வைத்தார். “துருவேறினதைக் குடிச்சிருந்தா, நொதியம் நல்லா இருக்கெண்டாவது தெரிஞ்சிருக்குமே. ஏன் நல்லதைக் குடிச்சனீர்?”

விஞ்ஞானபூர்வமாக ஏதாவது சொல்லத்தான் வாயெடுத்தேன். எதைக் குடித்தாலும் வயிற்றில் ஒரேமாதிரித்தான் செரிக்கும் என்று முதலாம் வருடப் பிள்ளைகளுக்கு நானே படிப்பித்திருக்கிறேன். அழுகைதான் முட்டிக்கொண்டு வந்தது.

“மற்றதைக் குடிக்கப் பயமா இருந்தது, சேர்.”