கண்ணாடியில் நான்கு விரல்

ஏணிக்காரர் என்றால்தான் அவரை எல்லோருக்கும் தெரியும். பெற்றவர்கள் வைத்த பெயர் வீட்டுப் பத்திரத்தோடு சரி. கூடப் பிறந்தவர்கள் மூன்று பேர். மூத்தவர் பஸ் ஓட்டினார், அக்காமார் இருவரும் அடுத்தடுத்துக் கல்யாணமாகிப் போனார்கள், கடைக்குட்டி இவர். பதினாறு வயதில் ஏணியைத் தோளில் வைத்தவர். முதலில் தெருவிளக்கு, பிறகு வீட்டு ஒயரிங், கடைசியில் வயரில்லாத கேமரா.

இருட்டில் கேமராவுக்கு உதவுவது அகச்சிவப்பு விளக்கு. அந்த வெளிச்சம் நம் கண்ணுக்குத் தெரியாது, கேமராவுக்குத் தெரியும். அது கேமராவிலேயே இருந்தாலும், தனியாக இன்னொன்று தள்ளி வையுங்கள் என்று போகிற வீட்டிலெல்லாம் சொல்லுவார். "மூடுபனியில நெத்திக்கிட்ட டார்ச்ச வச்சுக்கிட்டு நடந்து பாருங்க. பனிதான் தெரியும், பாதை தெரியாது."

இத்தனை சொன்னவர் வீட்டுக் கேமராவில் மட்டும் ராத்திரியானால் வெள்ளைப் புகை.

மனைவி தையல்காரி. அவள் போய் ஒன்பது மாதம். அதன் பிறகுதான் அவர் ராத்திரியில் கேமராவைப் போனில் பார்க்க ஆரம்பித்தார். வாசல் கேட்டுக்கு முன்னால் வெள்ளையாக ஏதோ நின்றது. ஆள் உயரம். ஒரு பக்கம் தலை சாய்ந்தாற்போல. ஊசியில் நூல் கோர்க்கும்போது அவள் அப்படித்தான் சாய்ப்பாள். எதிலோ பட்டு வெளிச்சம் திரும்புகிறது என்று அவருடைய தொழில் சொல்லியது. ஏறிப் பார்த்தால் தெரிந்துவிடும். ஏறவில்லை.

மகளுக்கு அச்சகத்தில் இரண்டாவது ஷிப்ட். வீடு வர ராத்திரி ஒன்றரை மணியாகிவிடும்.

"அப்பா, நேத்தும் நான்தான் கொண்டி போட்டுட்டுப் படுத்தேன். காலையில பாத்தா கேட் திறந்து கெடக்கு."

"காத்தா இருக்கும்மா."

"கொண்டியத் தூக்குற காத்தா? யாரோ வர்றாங்கப்பா. நான் வர்ற நேரம் பாத்து ஒருநாள் நின்னான்னா? போன்ல பாத்தா புகை! ஊருக்கெல்லாம் பளிச்சுனு மாட்டிக் குடுக்குறீங்க, பெத்த பொண்ணுக்கு மட்டும் புகையா?"

"சரி பண்றேன்."

"மூணு வாரமா இதத்தான் சொல்றீங்க. ஞாயித்துக்கிழமைக்குள்ள பண்ணல, நான் வேலைய விட்டுடறேன்."

அந்த வேலையை அவளுக்கு வாங்கிக் கொடுக்க அவளுடைய அம்மா எத்தனை பேர் வாசலில் நின்றாள் என்று அவருக்குத் தெரியும். எழுந்து மச்சினன் கடைக்குப் போனார். மச்சினன் எலெக்ட்ரிக் சாமான் விற்கிறவன். அக்கா செத்த பிறகும் மாமாவிடம் கேலியை விடாதவன்.

"என்ன மாமா, உங்க வீட்டுக்கே அகச்சிவப்பு விளக்கா? டாக்டர் தனக்கு ஊசி போட்டுக்கிற மாதிரியில்ல இருக்கு! ரெண்டு வகை இருக்கு. ஒண்ணு சுத்தமா தெரியாது. இன்னொண்ணு உத்துப் பாத்தா தணல் மாதிரி லேசா சிவக்கும்."

"சிவக்குறது குடு. அதுதான் தூரம் போகும். கேமராவுலயும் அந்த வகைதான் இருக்கு."

"அக்கா இருந்திருந்தா தணலப் பாத்து பயப்படும்."

"உங்கக்காவா? அவளப் பாத்து தணல் பயப்படும்டா," என்றார். இருவரும் சிரித்தார்கள். சிரிப்பு பாதியில் நின்றது.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஏணியைச் சாத்தி ஏறினார். பையில் துடைக்கிற துணி. டார்ச்சைச் சாய்த்து அடித்ததும் கேமராக் கண்ணாடியில் தெரிந்தது: நான்கு விரல் இழுத்த எண்ணெய்த் தடம்.

நினைவு வந்தது. தையல் மெஷினுக்கு எண்ணெய் விட்ட கையோடு அவள் ஸ்டூலில் ஏறிச் சிலந்தி வலையை வழித்துவிட்டாள். "கண்ணாடியக் கையால தொடாதேன்னு எத்தன தடவ சொல்றது!" என்று இவர் கத்தினார். "நீங்க துடைக்கிற அழகுக்கு!" என்று அவள் இறங்கிப் போனாள். நாளைக்குத் துடைக்கலாம் என்று விட்டார். பத்தாம் நாள் அவள் இல்லை. கூரை விளிம்புக்குக் கீழே இருந்ததால் மழைகூட அதைத் தொடவில்லை.

துணியை எடுத்தார். நான்கு விரலும் அவரைப் பார்த்தன. துணியைப் பைக்குள் திணித்துவிட்டு இறங்கினார்.

புது விளக்கைக் கேமராவுக்குப் பத்தடி தள்ளி, மதில் தூணில் மாட்டினார். வராந்தா பல்பிலிருந்து வயர் இழுத்தார். போனில் கேமராவின் சொந்த விளக்கை அணைத்தார். இனி வெளிச்சம் அந்தக் கண்ணாடியில் படாது. படமும் தெளியும், கையும் இருக்கும்.

அன்று ராத்திரி அப்பாவும் மகளும் விழித்திருந்தார்கள். கேட், கொண்டி, தரையில் கிடந்த குச்சிகூடத் தெளிவாகத் தெரிந்தது. வெள்ளை உருவம் இல்லை. மூன்று மணிக்குப் போன் அதிர்ந்தது.

ஒரு நாய். மூக்கால் கொண்டியை நெம்பித் தூக்கி உள்ளே வந்தது. படி ஓரத்தில் உட்கார்ந்தது. மனைவி இருந்தபோது மிச்சச் சோற்றை வைக்கிற இடம்.

"அட சனியனே, நீயா!" மகள் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தாள். "இதுக்கா மூணு வாரம் உயிர கையில பிடிச்சுக்கிட்டு வந்தேன்! நாளைக்கு ஒரு பூட்டு போடுங்கப்பா." நிம்மதியாகத் தூங்கப் போனாள்.

அவர் போனை வைக்கவில்லை. நாயும் போகவில்லை. வெறும் வாசல். யாரும் வரவில்லை, வந்ததும் இல்லை.

வெகுநேரம் பார்த்திருந்துவிட்டு, கேமராவின் சொந்த விளக்கைப் போட்டார். புகை வந்தது. தலை சாய்த்து நின்றது. கேட் மறைந்தது. புகைக்குள் நாயின் இரண்டு கண்கள் மட்டும் பளபளத்தன.

அது அண்ணாந்து பார்த்தது. கேமராவில் மினுங்குகிற சிவப்பைப் பார்க்கிறது என்று அவருக்குத் தெரியும். தெரிந்தும், அது வாலை ஆட்டியபோது அவர் அந்த விளக்கை அணைக்கவில்லை.

பூட்டு வாங்கவில்லை. மறுநாள் ராத்திரி படி ஓரத்தில் சோறு வைத்தார்.