பரணுக்குக் கீழே காய்ந்த மீன்தலைகள்

எங்கள் கடற்கரை ஊரான ஓலைத்தொடுவாயில் நாங்கள் சாப்பிடும் கருவாடு, உயரக் கட்டி வலை மூடிய பரணில் காயும். கோழித்தீனுக்கு இடிக்கும் மீன்தலைகள் அதற்குக் கீழே வெறும் மணலில் காயும். கோழிக்கு அது போதும் என்று நானும் நினைத்திருந்தேன்.

இவ்வருடம் பக்கத்து வீட்டு மகள் பெரியபிள்ளையானாள். நல்லெண்ணெயோடு குடிக்க அவளுக்குத் தினமும் எங்கள் கோழிகளின் பச்சை முட்டை கொடுத்தது என் மனைவி. ஐந்தாம் நாள் எங்கள் குஞ்சுகள் வயிறு கழியத் தொடங்கின. நாட்காட்டியில் குறித்ததைப் பார்த்தேன். தீனில் புதிய மீன்தூள் கலந்து மூன்று நாளாகியிருந்தது.

கூப்பிட்டதும் வந்த மிருக வைத்தியர் மீன்தலைகள் காய்ந்த மணலைக் காட்டினார். "காக்கா எச்சம் முழுக்க இதிலதானே கிடக்குது. அதில இருக்கிற கிருமி தீனோட கோழிக்குள்ள போய் முட்டையிலயும் வரலாம்."

"வெயில்ல காஞ்சதுதானே, ஐயா?" என்றாள் மனைவி.

"அப்ப உங்கட கருவாட்டை ஏனக்கா மேல போட்டிருக்கிறியள்?"

அவள் பக்கத்து வீட்டுக்கு ஓடினாள். நானும் பின்னால் போனேன்.

"பிள்ளை, வயித்துக்குள்ள ஏதும் செய்யுதோ?"

"ஒண்டும் இல்லை, மாமி."

"எங்கட குஞ்சுகளுக்கு வயித்தால போகுது. இனிப் பச்சை முட்டை வேண்டாம். கடையில வாங்கி நல்லா அவிச்சுத் தாறன்."

பிள்ளையின் முகம் மலர்ந்தது. "உங்கட குஞ்சுகளுக்கு நான் நன்றி சொன்னதாச் சொல்லுங்கோ!"

அன்றே மீன்தூளைக் குழிதோண்டிப் புதைத்தோம். மறுநாள் காலை, கோழித்தீனுக்கான மீன்தலைகளுக்கென்று இரண்டாவது பரண் கட்டி வலை மூடினேன். அதையும் நாட்காட்டியில் குறித்தேன்.