பூட்டிக் கிடந்த சாமியறை

நீங்கள் எப்போதாவது ஒரு சாவை வீட்டுக்குள் ஒளித்து வைத்திருக்கிறீர்களா?

நாங்கள் வைத்தோம். வெள்ளவத்தையில், மூன்றாம் மாடி ஃபிளாட்டில், அண்மையில்தான்.

பதற வேண்டாம். கனடாவில் இருந்த என் மாமனாரின் தம்பி தூக்கத்திலேயே போய்விட்டார். சேதி என்னவரின் ஃபோனுக்குத்தான் முதலில் வந்தது. மாமாவுக்கு எண்பது தாண்டிவிட்டது, இதயத்துக்கு மாத்திரை வேறு. மெல்பேர்னில் இருக்கும் மச்சாள், என்னவரின் சகோதரி, வட்ஸ்அப்பில் அழுதபடியே தீர்ப்பும் சொல்லிவிட்டார்.

"அப்பாவுக்குச் சொல்லிப்போடாதேங்கோ. அவர் தாங்கமாட்டார்."

அண்ணனும் தம்பியும் ஞாயிறு காலைகளில் ஃபோனில் கதைப்பார்கள். கதைப்பது என்ன, சண்டைதான்! கிரிக்கெட், அரசியல், சின்ன வயதில் அப்பாவின் சைக்கிளை உடைத்தது யார்... அந்தச் சண்டை இனி இல்லை. என்ன சொல்வது?

"சித்தப்பாவுக்குத் தொண்டையில ஏதோ சுகமில்லையாம் அப்பா. கொஞ்ச நாளைக்குக் கதைக்க ஏலாதாம்" என்றார் என்னவர். பொய் சொன்னால் காது சிவக்கும் மனிதர். அன்றைக்கு இரண்டு காதும் சிவந்திருந்தன.

சரி, அப்பாவுக்குப் பொய் சொல்லியாயிற்று. பிள்ளையாருக்கு?

சித்தப்பாவின் சாவு என்றால் எங்களுக்கு முப்பத்தொரு நாள் துடக்கு, அதாவது தீட்டு. கோயிலுக்குப் போகக்கூடாது, விளக்கேற்றக்கூடாது, மீன், இறைச்சி என்று மச்சம் எதுவும் சமைக்கக்கூடாது. "இதையெல்லாம் செய்தால் மாமா கண்டுபிடித்துவிடுவாரே, இந்த ஒரு முறை விட்டால் என்ன?" என்று கேட்டேன். என்னவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே...

"துடக்கோட சாமியறைக்குள்ள போறதோ? விசர்க்கதை கதையாதையும்!"

ஆக, சாமியறைக்குப் பூட்டு. காரணம், பெயின்ட் அடிக்கப் போகிறோம். மீன் இல்லை. காரணம், கொலஸ்ட்ரோல். வெள்ளிக்கிழமைக் கோயில் இல்லை. காரணம், என் முழங்கால்! என் முழங்காலுக்கு ஒரு குறையும் கிடையாது. ஆனாலும் மாமாவின் முன்னால் நொண்டி நொண்டித்தான் நடந்தேன்.

இரண்டாம் ஞாயிறு வந்தது. மாமா தம்பியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. "பாத்தீரே, மறந்திட்டார்" என்று என்னவருக்கு நிம்மதி. எனக்கு அது நிம்மதியாக இல்லை. மனிதர் சாப்பாட்டுக் கோப்பையில் இருந்த புட்டைப் பிசைந்து பிசைந்து வைத்துவிட்டு எழும்பினார். குளிக்கப் போனால் வெளியே வர நேரமாயிற்று. உள்ளே பைப் திறந்தபடியே ஓடிக்கொண்டிருக்கும். "தாங்கியில தண்ணி முடியப்போகுது மாமா" என்று வெளியே நின்று நான் வேறு சத்தம் போட்டேன்.

கொட்டாஞ்சேனையில் இருக்கும் என் சிநேகிதி ஒரு நம்பர் தந்தாள். உளவளத்துணையாளர் — எங்கள் பாஷையில் கவுன்சிலிங் மிஸ். மாளிகாவத்தைப் பெண். ஃபோனில் முழுக் கதையையும் கேட்டுவிட்டு, "அந்த விஷயத்த நான் சொல்ல மாட்டன், உங்கட ஹஸ்பன்தான் சொல்லணும். கூட்டிட்டு வாங்க, சொல்லக்குள்ள நான் பக்கத்தில இருக்கிறேன்" என்றார்.

அவருடைய அறை கடற்கரைப் பக்கத்து ஒழுங்கை ஒன்றில், மாடியில். மாமாவையும் ஏற்றிக்கொண்டு ஓட்டோவில் போகும்போது என்னவர் வாய்க்குள் வசனம் பாடமாக்கிக்கொண்டே வந்தார். மிஸ் கதிரைகளை வட்டமாகப் போட்டு வைத்திருந்தார். உட்கார்ந்தோம். என்னவர் தொடங்கினார்.

"அப்பா... சித்தப்பா..."

அவ்வளவுதான். ஐம்பத்தைந்து வயது மனிதர், விம்மி விம்மி அழத் தொடங்கிவிட்டார்.

மாமா கதிரையை இழுத்துப் போட்டு, மகனின் முதுகைத் தடவினார். "அழாதை தம்பி. எனக்குத் தெரியும்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஆர் மாமா சொன்னது?"

"ஆர் சொல்லவேணும்? சாமியறை பூட்டு. விளக்கு இல்லை. மீன் இல்லை. இது துடக்கு வீடெண்டு எனக்குத் தெரியாதே? துடக்கெண்டால் ஆரோ செத்திருக்கவேணும். நான் சாகேல்லை. ஞாயிற்றுக்கிழமை ஃபோனும் வரேல்லை. பிறகென்ன கேள்வி?" என்றவர் என் பக்கம் திரும்பினார். "நீர் வேற காலமை வலது காலை நொண்டுறீர், பின்னேரம் இடது காலை நொண்டுறீர்."

மிஸ் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "ஏன் ஐயா நீங்க ஒண்டும் கேக்கல்ல?" என்றார்.

"பாவங்கள், இவ்வளவு பாடுபட்டு மறைக்குதுகள். நான் அழுதால் இதுகள் பயந்துபோயிடுங்கள்."

"அப்ப நீங்க அழவே இல்லையா?"

"பாத்ரூமில. பைப்பைத் திறந்துவிட்டிட்டு."

தாங்கித் தண்ணீருக்காக நான் போட்ட சத்தம் காதுக்குள் கேட்டது. வெட்கமாக இருந்தது.

"இனி ஹோல்ல இருந்தே அழுங்க ஐயா, தண்ணியாவது மிஞ்சும்" என்றார் மிஸ். மாமா சிரித்தார். சிரிப்பு பாதியில் உடைந்து அழுகையாக வந்தது. எங்கள் எல்லோர் முன்னாலும், தம்பியின் பெயரைச் சொல்லிச் சொல்லி அழுதார். இதயம் ஒன்றும் நின்றுவிடவில்லை.

யோசித்துப் பாருங்கள். பெற்றோரை, மனைவியை, கட்டிய வீட்டை இழந்துவிட்டு இன்னமும் கிரிக்கெட் பார்க்கிறவர். அவர் தாங்கமாட்டாராம்! தாங்க முடியாமல் இருந்தது எங்களுக்குத்தான்... அதற்கு அவருடைய இதயத்தின் மேல் பழியைப் போட்டுவிட்டோம்.

முப்பத்தோராம் நாள் கிரியை மாமாவின் மேற்பார்வையில் நடந்தது. தம்பியின் படத்துக்கு அவரே மாலை போட்டார். வந்தவர்களுக்கெல்லாம் சைக்கிள் கதை. உடைத்தது தம்பிதானாம். மறுத்துப் பேசத்தான் ஆளில்லை.

போன கிழமை மெல்பேர்னில் மச்சாள் சறுக்கி விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டார். ஃபோனை எடுத்த என்னவர் பல்கனிக்கு ஓடிப்போய்க் குசுகுசுத்தார். பழக்கதோஷம்!

மாமா பேப்பரில் இருந்து தலையை நிமிர்த்தவில்லை.

"பிள்ளை, சாமியறை திறந்துதானே கிடக்கு?"

"ஓம் மாமா."

"அப்ப ஒருத்தரும் சாகேல்லை. அவனை உள்ளுக்க வந்து கதைக்கச் சொல்லும்."